கழுத்தைப் பார்க்க ஓர் ஆள்

நெட்டையனுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை. லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்த புதிதில், எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறையின் வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொள்வான். உள்ளே மனிதன் போகப்போகிறான் என்பதை மறந்துவிட்டுத்தான் அந்த அறைகளைக் கட்டுவார்கள் போலிருக்கிறது. இடித்து இடித்துப் புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு நிலைத்துவிட்டது, கூடவே பெயரும். கல்யாணப் பத்திரிகையில் போட்ட பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்ப்பது சந்தேகம்தான்.

அவனோடு ஜோடியாக வேலை செய்தவன் கிளி. லிஃப்ட் வேலைக்குத் தனியாளாக யாரையும் கம்பெனி அனுப்பாது. ஒருவன் மேலே மோட்டார் அறையில் இருப்பான், மற்றவன் கீழே ஏதாவது ஒரு மாடியில். நடுவில் ஆளைச் சட்னியாக்கிவிடக்கூடிய ஒரு பெட்டி தொங்குகிறதே, அதற்காக ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஒருவன் சொன்னதை மற்றவன் கண்ணால் பார்த்த பிறகு, அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கை வேலையில் படலாம். மேலேயிருந்து நெட்டையன் "மெயின் அணைச்சாச்சு" என்று கத்தினால், கீழே இருப்பவன் பொத்தானை அழுத்திப் பார்த்து, லிஃப்ட் அசையவில்லை என்று தெரிந்துகொண்டு, "மெயின் அணைச்சாச்சு" என்பான். மற்ற ஜோடிகள் நாளாக நாளாக இதை 'ம்', 'ஓகே' என்று சுருக்கிக்கொண்டார்கள். இவன் மட்டும் எத்தனை வருஷம் ஆனாலும் ஒரு எழுத்து விடாமல் முழுசாகச் சொல்லுவான். அதனால்தான் கிளி.

லிஃப்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எந்த மாடியிலாவது ஒரு கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் அது நின்ற இடத்தை விட்டு நகராது. கோளாறு எந்தக் கதவில் என்று கண்டுபிடிக்க, மெக்கானிக்குகள் அதன் கண்ணைக் கட்டுவார்கள். இரண்டு முனையிலும் கடித்துப் பிடிக்கிற கிளிப் வைத்த ஒரு சிவப்பு ஒயர், அவ்வளவுதான். மோட்டார் அறைப் பேனலில் அதை மாட்டிவிட்டால், எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது என்று லிஃப்ட் நம்பிவிடும். கதவு திறந்து கிடந்தாலும் ஓடும். பெட்டி ஐந்தாம் மாடியில் நிற்கும், மூன்றாம் மாடிக் கதவைத் திறந்தால் உள்ளே வெறும் இருட்டு இருக்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் பொய்க்கம்பி.

ஜோடிக்கு ஒரே ஒரு பொய்க்கம்பிதான் கம்பெனி தரும். பேனலில் இல்லாத நேரம் அது கழுத்தில் மாலை மாதிரி தொங்க வேண்டும். பையிலோ பாக்கெட்டிலோ வைத்தால் மேஸ்திரி ஆளைத் தொலைத்துவிடுவார். கட்டடத்தை விட்டு வெளியே வரும் முன் கிளி நெட்டையனின் கழுத்தைப் பார்ப்பான்.

"கழுத்துல இருக்கா?"

"கழுத்துல இருக்கு."

"கழுத்துல இருக்கு," என்று கிளி திருப்பிச் சொன்ன பிறகுதான் டீ. கிளிக்குப் பசி வந்தால் கண் தெரியாது என்று கம்பெனியில் கேலி செய்வார்கள். ஆனால் எவ்வளவு பசித்தாலும் அவன் கழுத்தைப் பார்க்காமல் படி இறங்கியதில்லை.

அப்புறம் நெட்டையனுக்கு ஆசை வந்தது. போகிற இடமெல்லாம், "ஏங்க, கம்பெனிக்கு ஃபோன் பண்ணா மூணு நாள் கழிச்சு வர்றாங்க, நீங்களே தனியா வந்து செஞ்சு குடுக்கக் கூடாதா?" என்று காதில் ஓதிக்கொண்டே இருந்தார்கள். அவனைவிடச் சின்ன வயசு மேனேஜர் ஒருவன், வாடிக்கையாளர் முன்னால் வைத்து அவனை ஏன் லேட் என்று கேட்டான். கை நிறையத் தொழில் இருக்கும்போது இவனிடம் எதற்குக் கை கட்டி நிற்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. தோன்றியது தப்பென்று நானும் சொல்ல மாட்டேன். சொந்தமாகத் தொழில் செய்ய வேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றுவதில் என்ன தப்பு?

கிளியையும் கூப்பிட்டான். கிளி மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டான்.

"எனக்கு ரெண்டு பொண்ணுங்கடா. மாசம் பொறந்தா சம்பளம் வரணும். நீ போ, நல்லா இரு."

"பயந்தாங்கொள்ளி."

"ஆமா, பயந்தாங்கொள்ளிதான். அது இருக்கட்டும். உன் கழுத்தை யாருடா பாப்பாங்க?"

"கண்ணாடி ஒண்ணு வாங்கி மாட்டிக்கறேன்," என்றான் நெட்டையன்.

எதற்கெடுத்தாலும் சிரிக்கிற கிளி அதற்குச் சிரிக்கவில்லை. கடைசி நாள் அடையாள அட்டையோடு பொய்க்கம்பியையும் ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு வந்தபோது, நெட்டையனுக்குக் கழுத்து என்னவோ போல் இருந்தது. சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

மனைவி பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை பார்த்தாள். ஃபோன் எடுப்பது, நேரம் கொடுப்பது, வலி தாங்காமல் கத்துகிறவர்களிடம் சிரித்த முகமாகப் பேசுவது. கெட்டிக்காரி. அவன் வேலையை விட்டுவிட்டேன் என்றதும், "சரி முதலாளி, மொதல்ல கூடத்துல உங்க ஸ்பேனரையெல்லாம் ஒரு மூலைக்குக் கொண்டு போங்க," என்றாள். அந்த மூலைக்கு அன்று முதல் ஆபீஸ் என்று பெயர். மேஜை இல்லாத ஆபீஸ். தரையில் ஒரு பழைய பாய், அதன் மேல் கருவிப் பை, பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும் ஃபோன்.

முதல் வாரம் அந்த ஃபோன் வாயைத் திறக்கவில்லை. தானே இன்னொரு நம்பரிலிருந்து அடித்து, மணி கேட்கிறதா என்று சோதித்துப் பார்த்தான். இரண்டாவது வாரம் ஒரு சாயங்காலம், சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், கடையிலிருந்து ஒரு சுருள் சிவப்பு ஒயரும் ஒரு பொட்டலம் கிளிப்பும் வாங்கி வந்து தனக்கென்று ஒரு பொய்க்கம்பி செய்தான். அழகாக வந்தது. கம்பெனியில் இன்னொன்று கேட்டால் ஸ்டோர்காரர் தன் சொத்தைக் கேட்டது மாதிரி முறைப்பார். இங்கே யார் முறைப்பது? தொலைந்தால் இருக்கட்டும் என்று இன்னொன்றும் வெட்ட ஆரம்பித்தான். அப்போதுதான் ஃபோன் அடித்தது. முதல் வாடிக்கையாளர்! ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "வந்துடறேங்க, காலைல மொத வேலையா வந்துடறேங்க," என்று வழிந்துகொண்டே கை பாட்டுக்கு ஒயரை வெட்டிக் கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்தது. மனைவி சமையலறை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த நேரத்தில் அவன் கையைப் பிடித்து நிறுத்த ஒருவன் இருந்திருக்க வேண்டும். ஜோடிக்கு ஒரே கம்பி என்பது கம்பெனியின் கஞ்சத்தனம் என்றுதான் அவன் கடைசி வரை நினைத்திருந்தான். ஒன்றே ஒன்று இருந்தால், அது கழுத்தில் இருக்கும்போது பேனலில் இருக்க முடியாது. இன்னொன்று வந்துவிட்டால், கழுத்தில் தொங்குவதை வைத்து ஒன்றையும் நம்ப முடியாது. இத்தனை வருஷம் அந்தக் கம்பியைச் சுமந்த கழுத்துக்கு மேலே இருந்த மண்டையில் இது ஏறவே இல்லை.

தொழில் மெல்லச் சூடு பிடித்தது. தனியாளாகப் போனான், தனியாளாக ஏறி இறங்கினான். பழக்கம் விடுமா? மோட்டார் அறையில் நின்று "மெயின் அணைச்சாச்சு" என்பான். பதில் வராது. பதில் வராமல் கை வேலையில் படாது. கொஞ்ச நேரம் விழித்துவிட்டுத் தானே, கிளியின் கீச்சுக் குரலில், "மெயின் அணைச்சாச்சு" என்று சொல்லிக்கொள்வான். ஒரு கட்டடத்தின் வாட்ச்மேன், மேலே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று நினைத்து இரண்டு டீ வாங்கி வந்தார். நெட்டையன் இரண்டையும் குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

மனைவிக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நாளாகவே அவள் ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தாள். வீட்டிலும் அவன் கேள்வியையும் பதிலையும் சேர்த்தே சொல்ல ஆரம்பித்திருந்தான். "கேஸ் மூடியாச்சா, மூடியாச்சு." "கதவு பூட்டியாச்சா, பூட்டியாச்சு." இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் இடைவெளிகூட இல்லை. ஒரு நாள் அவள் வேலை முடிந்து வந்தபோது வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது, உள்ளே யாரும் இல்லை. அவனைக் கேட்டால், "பூட்டினேனே! பூட்டியாச்சுன்னு சொன்னது காதுலயே இருக்கே," என்றான். சத்தியமாக நம்பித்தான் சொன்னான்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடத்து மின்விசிறியைக் கழற்ற ஸ்டூலில் ஏறினான். "மெயின் அணைச்சாச்சா, அணைச்சாச்சு," என்று கிளிக்குரலில் சொன்ன கையோடு ஒயரைத் தொட்டான். அடித்த அடியில் ஸ்டூலோடு கீழே வந்தான். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. விரல் நுனி மட்டும் கருகியிருந்தது. மனைவி ஓடிப் போய் மெயினைப் பார்த்தாள். அதை யாரும் தொடவே இல்லை.

அன்று அவள் அழுதாள், கத்தினாள், கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தாள்.

"இனிமே ஒவ்வொரு வேலைக்கும் ஆரம்பிக்கும்போது ஒரு ஃபோன், முடிக்கும்போது ஒரு ஃபோன். நான் கேப்பேன், நீங்க சொல்லணும், நான் திருப்பிச் சொல்லுவேன். கிளி அண்ணன் என்ன சொல்லுவாரோ அதே மாதிரி."

"கிளினிக்ல ஃபோன் எடுக்கறவ, எனக்கும் எடுக்கப் போறியா?"

"ஆமா. பல்லு வலிக்கு எடுக்கறேன், புருஷனுக்கு எடுக்க மாட்டேனா?"

நல்ல ஏற்பாடு என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. பாவம், அவளால் வேறு என்ன செய்ய முடியும்? முதலில் அவள் ஒழுங்காகக் கேட்டாள். "மெயின் போட்டாச்சா? கருவியெல்லாம் பையில இருக்கா? கழுத்துல இருக்கா?" அவன் தொட்டுப் பார்த்துச் சொல்லுவான், அவள் திருப்பிச் சொல்லுவாள். இருவருக்கும் நிம்மதியாக இருந்தது. வீட்டில்கூட அவன் பழையபடி ஆனான். கிளியிடம் ஃபோனில் பேசியபோது, "என் பொண்டாட்டி உன்னைவிட நல்ல கிளிடா," என்று பெருமையடித்தான். கிளி, "அவங்க வார்த்தை சரியா இருக்கும்டா, கண்ணு கிளினிக்லதானே இருக்கு," என்றான். அதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மனைவியின் அக்கா குடியிருந்த கட்டடத்திலிருந்து வேலை வந்தது அப்போதுதான். ஐந்து மாடி, பழைய லிஃப்ட், கையால் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் இரும்புக் கதவு. அக்கா வீடு மூன்றாம் மாடியில். அந்த மாடிக் கதவின் தாழ் தேய்ந்துபோய், ஐந்தாறு தரம் ஓங்கிச் சாத்தினால்தான் லிஃப்ட் நகரும் என்று எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்தார்கள். அக்காதான் கட்டடத்துச் செக்ரட்டரியிடம் வாதாடி, "எங்க வீட்டு மாப்பிள்ளையை ஒரு தரம் கூப்பிட்டுப் பாருங்க," என்று ஏற்பாடு செய்தாள். அதோடு விட்டாளா? தங்கைக்கு ஃபோன் போட்டு, "எங்ககிட்ட ஒரு மேஜை சும்மா கெடக்கு. தம்பி தரையில உக்காந்து ஆபீஸ் நடத்தறாராமே, வந்து தூக்கிட்டுப் போ," என்றும் சொன்னாள். சனிக்கிழமை கிளினிக் அரை நாள்தான். முடிந்ததும் போய் எடுத்துக்கொள்கிறேன் என்று தங்கை ஒப்புக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை நெட்டையன் போனான். செக்ரட்டரி மொட்டை மாடிச் சாவியோடு தயாராக நின்றார். அவருக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது, நிமிஷத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தார். நெட்டையன் மேலே போய்ப் பேனலைத் திறந்து கழுத்திலிருந்த பொய்க்கம்பியை மாட்டினான், மூடியைச் சாத்தினான், மூன்றாம் மாடிக்கு இறங்கினான். கதவைத் திறந்து வைத்துத் தாழைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. மூன்று லிஃப்ட் உள்ள பெரிய கட்டடம், வருஷம் பூராவும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். நெட்டையனுக்குத் தலை கால் புரியவில்லை. ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டான். பேசிக்கொண்டே தாழின் தகடு தொடுகிறதா என்று சோதிக்கப் பையில் கைவிட்டு, இரண்டாவது பொய்க்கம்பியை எடுத்தான். சோதித்தான். பிறகு அந்தக் கை, காலம் காலமாகச் செய்து பழகிய வேலையை அதுவாகவே செய்தது, கம்பியைக் கழுத்தில் போட்டது.

தாழை அரத்தால் ராவி மாட்டிவிட்டு மேலே போனான். செக்ரட்டரி பின்னாலேயே வந்து வாசலில் நின்று சாவியை ஆட்டிக்கொண்டிருந்தார். பேனல் மூடி ஒழுங்காகச் சாத்தியிருந்தது. ஃபோனை எடுத்து மனைவிக்கு அடித்தான்.

"மெயின் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"போட்டாச்சு. ஒரு நிமிஷம் இருங்க சார், உங்க பேரு மூணாவதா இருக்கு. உங்களைச் சொல்லலைங்க, இங்க ஒருத்தரைச் சொன்னேன். கழுத்துல இருக்கா?"

கை கழுத்துக்குப் போனது. ஒயர் வழவழப்பாக விரலில் பட்டது.

"கழுத்துல இருக்கு."

"கழுத்துல இருக்கு," என்றாள் அவள்.

ஒரு வார்த்தை தப்பில்லை. கிளி கேட்டிருந்தால்கூடக் குறை சொல்லியிருக்க முடியாது. செக்ரட்டரி அறையைப் பூட்டினார். லிஃப்ட் முனகாமல் கீழே போய் முனகாமல் மேலே வந்தது. அவர் நெட்டையனின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஓடினார்.

நெட்டையன் வீட்டுக்கு வந்து குளித்தான், சாப்பிட்டான், பாயில் சாய்ந்தான். மேஜை வந்தால் எந்தப் பக்கம் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தான். கண் செருகும் நேரத்தில் ஃபோன். செக்ரட்டரி, ஆபீஸிலிருந்து.

"லிஃப்ட்காரரே, உங்க கைக்குத் தங்க வளையல்தான் போடணும்! வீட்டுலேருந்து இப்பதான் ஃபோன் வந்துச்சு. எல்லாரும் ஒரே சந்தோஷம்."

"அப்படிங்களா, ரொம்ப சந்தோஷங்க," என்று எழுந்து உட்கார்ந்தான்.

"முன்னெல்லாம் மூணாவது மாடிக் கதவைச் சாத்தியே எங்க கை போயிடும். இப்ப பாருங்க, அது சரியாச் சாத்தாம லேசாத் திறந்து கெடந்தாலும் லிஃப்ட் பாட்டுக்கு ஜம்முனு போகுதாம். என் சம்சாரம் சொல்றா. நாலு பேர்கிட்ட உங்களைப் பத்திச் சொல்லி வெச்சிருக்கேன்."

நெட்டையனின் கை கழுத்துக்குப் போனது. இருந்தது. கழுத்தில் கம்பி இருந்தது. அந்த ஒரு நொடி அவனுக்கு உலகமே சரியாக இருந்தது. அடுத்த நொடி கருவிப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். ஸ்பேனர், அரம், ஸ்க்ரூ டிரைவர், துணி, டார்ச், அதற்குமேல் எதுவும் விழவில்லை.

"சார், லிஃப்டை நிறுத்துங்க. யாரையும் ஏற விடாதீங்க. மேல போய் மெயினை அணைக்கச் சொல்லுங்க."

"என்னங்க விளையாடறீங்களா? சாவி என் பாக்கெட்டுல இருக்கு, நான் ஆபீஸ்ல இருக்கேன்."

"நான் தப்புப் பண்ணிட்டேன் சார்." எழுந்து நின்றான். "கதவு திறந்திருந்தா லிஃப்ட் போகக் கூடாது. உள்ள பெட்டி இல்லாமலே கதவு திறக்கும். யாராச்சும் விழுந்துடுவாங்க. வாட்ச்மேன்கிட்ட சொல்லுங்க, கத்தச் சொல்லுங்க!"

வைத்துவிட்டு வண்டிச் சாவியைத் தேடிய கை அப்படியே நின்றது. மேஜை. சனிக்கிழமை. அரை நாள்.

மனைவிக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அக்காவுக்கு அடித்தான். எடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் இரண்டு கையும் மேஜையில் இருக்கும் என்று அவனுக்குக் கண்ணில் தெரிந்தது. மேஜையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறுகிறவர்கள் எப்படி ஏறுவார்கள் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? ஒருத்தி முன்னால் பிடித்திருப்பாள், இன்னொருத்தி பின்பக்கமாக நடந்து, முதுகால் கதவைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே காலை வைப்பாள். சின்னவள்தான் பின்பக்கமாக நடப்பாள். அக்காவுக்கு முட்டி வலி. மறுபடி மனைவிக்கு அடித்தான். வண்டிச் சாவியையும் ஒரு ஸ்பேனரையும் அள்ளிக்கொண்டு, வாய்விட்டு அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே செருப்பில்லாமல் படி இறங்கினான்.

"என்னங்க அவசரம்? இப்பதான் மேஜையைக் கீழ வெச்சு ஃபோனை எடுக்கறேன்," என்றாள் மனைவி.

"லிஃப்டுல ஏறாதே."

"என்ன?"

"ஏறாதே. தள்ளி நில்லு."

ஒரு நொடி சத்தமே இல்லை. அந்த ஒரு நொடியை அவன் சாகும்வரை மறக்கப் போவதில்லை. பிறகு அவள் குரல், கிளினிக் குரல் இல்லை, சின்னதாக, தெளிவாக வந்தது.

"ஏறல. தள்ளி நிக்கறேன்."

அவன் எப்படி வண்டி ஓட்டிப் போனான் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. கட்டடத்து வாசலில் வாட்ச்மேன் லிஃப்டின் முன்னால் கையை விரித்து நின்றுகொண்டிருந்தார். நெட்டையன் படியேறி மொட்டை மாடிக்கு ஓடி, ஸ்பேனரால் பூட்டை அடித்து உடைத்தான், நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு உள்ளே போனான், மெயினை அணைத்தான். பேனலைத் திறந்தால் சிவப்புக் கம்பி காலையில் அவன் மாட்டியபடியே கடித்துப் பிடித்துக்கொண்டிருந்தது. பிடுங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். இப்போது கழுத்தில் இரண்டு. புருவத்திலிருந்து ரத்தம் வழிந்ததை அவன் கவனிக்கவில்லை.

மூன்றாம் மாடியில் அக்கா சுவரோரம் தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். மனைவி மேஜையைக் குறுக்கே போட்டு, அதற்கு இந்தப் பக்கம் நின்று காவல் காத்தாள். மேஜைக்குப் பின்னால் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பெட்டி இல்லை. தொங்கும் எண்ணெய்க் கயிறுகளும் கீழே வரைக்கும் இருட்டும்தான் இருந்தன.

"முதுகாலதான் தள்ளினேன். கதவு திறந்துச்சு," என்றாள் அவள். "உள்ள லைட் எரியலையேன்னு அக்கா சொன்னா. அதுவும் ரிப்பேரா இருக்கும்னு நெனச்சேன். காலைத் தூக்கிட்டேன். ஃபோன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, சனியன், எடுத்துடலாம்னு மேஜையை வெச்சேன்."

நெட்டையன் படியில் உட்கார்ந்து அழுதான். நெடுநெடுவென்று வளர்ந்த மனுஷன், முழங்காலுக்கு நடுவில் தலையைக் கொடுத்துச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். செக்ரட்டரி மறுபடி ஃபோன் செய்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். அவர் திட்டவில்லை. "நாலு பேர்கிட்ட சொல்லிட்டேனேங்க உங்களைப் பத்தி," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அக்கா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். மனைவி தன் துப்பட்டாவால் அவன் நெற்றியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டிருந்தவள் அவன் கழுத்தைப் பார்த்தாள். ஃபோன் வழியாக எத்தனையோ தரம் கேட்டிருந்தாலும், வேலை முடிந்த இடத்தில் அந்தக் கழுத்தை அவள் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒரு கம்பியைத் தொட்டாள், அடுத்ததைத் தொட்டாள்.

"மொத்தம் எத்தனை செஞ்சீங்க?"

"ரெண்டு."

அவள் கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு மூச்சுகூட இல்லை. அவள் துடைப்பதை நிறுத்தினாள்.

நெட்டையன் அந்தச் சாயங்காலத்தை யோசித்தான். முதல் ஃபோன் வந்த சாயங்காலம். தோளில் ஃபோன் இருந்தது, வாயில் 'வந்துடறேங்க' இருந்தது, வாசலில் இவள் சிரித்துக்கொண்டு நின்றாள். கை எத்தனை தரம் வெட்டியது? வாங்கிய சுருள் இப்போது பாதிகூட இல்லை. வேறு எதற்கோ எடுத்திருப்பான். எடுத்திருப்பானா? அதற்குப் பிறகு ஏறி இறங்கிய கட்டடம் எத்தனை, கிளிக்குரலில் தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டு பூட்டிவிட்டு வந்த மோட்டார் அறை எத்தனை? எல்லோரும் ஃபோன் பண்ணி நன்றி சொல்லியிருந்தார்கள். லிஃப்ட் ஜம்முனு போகுது என்றிருந்தார்கள்.

"ரெண்டுதான்," என்றான் மறுபடி.

அவள் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. மேஜையை அங்கேயே விட்டுவிட்டு, அவன் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"மொதல்ல போன பில்டிங் எது? அங்கேருந்து ஆரம்பிக்கலாம், வாங்க."